மனப்பாடம் செய்த கடிகாரம்

அன்புள்ள மாதேசு,

இதைப் படித்து முடித்ததும் உடனே போனை எடுக்காதே. போனில் நீ "என்னப்பா?" என்று கேட்டால் நான் "ஒண்ணுமில்லடா, நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிடுவேன். அறுபத்தாறு வயதில் அந்த ஒரு பொய் மட்டும்தான் எனக்குத் தடங்கலில்லாமல் வருகிறது. அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். எழுதினால் மேலே என்ன சொன்னேன் என்று திரும்பிப் பார்த்துக்கொள்ளவும் முடிகிறது. தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. கன்னடத்தில் எழுதினால் உனக்கு முன்னால் மருமகள் ரேகா படித்துவிடுவாள். நீ முதலில் படித்து, யோசித்து, பிறகு அவளிடம் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. சத்தியமங்கலம் வண்டியும் ஈரோடு வண்டியும் மைசூர் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கும்போது முன்னால் இருக்கும் போர்டைக் காட்டி உனக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தேனே, அது இதற்காவது உதவட்டும். நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். மெதுவாகப் படி, அவசரமில்லை என்று எழுத வந்தேன். அவசரம் இருக்கிறது.

மாதக் கடைசியில் சாருவை இங்கே கொண்டுவந்து விடப் போகிறீர்கள். நீயும் ரேகாவும் ஜெர்மனிக்குப் போய், வேலையில் சேர்ந்து, வீடு பிடித்து, அவளை அழைத்துக்கொள்ள ஏழெட்டு மாதம் ஆகும். அதுவரை பேத்தி எங்களோடு. அக்ரஹாரத்தில் மஞ்சள் கேட் போட்ட அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. சேர்த்தாகிவிட்டது. யூனிஃபார்முக்கு அளவுகூடக் கொடுத்துவிட்டாய். காலையில் கொண்டுபோய் விடுவதும் மத்தியானம் கூட்டி வருவதும் தாத்தாவின் பொறுப்பு, ஸ்கூட்டரில். இப்படித்தானே பேச்சு? நானும் மார்தட்டிக்கொண்டுதான் ஒத்துக்கொண்டேன். மாதேசு, என்னை நம்பி அந்தக் குழந்தையை ஸ்கூட்டரில் ஏற்றாதே. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஏன் என்பதை இனிமேல் சொல்கிறேன். நடுவில் சுற்றி வளைத்தால் பொறுத்துக்கொள்.

போன வருஷம் கொள்ளேகாலில் ஒரு கல்யாணம். உன் மாமனாரிடம் நான் "எப்ப வந்தீங்க?" என்று ஒரே பந்தியில் மூன்று தரம் கேட்டேனாம். நீதான் கவனித்தாய். அடுத்த வாரமே பெங்களூரிலிருந்து வந்து என்னை நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனாய். கூடவே உள்ளே வருகிறேன் என்றாய். "எனக்கென்ன பால் குடிக்கிற வயசா?" என்று எரிந்து விழுந்து உன்னை வெளியே உட்கார வைத்தேன். டாக்டர் மரியாதையாகத்தான் பேசினார். இன்றைக்கு என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள் என்றெல்லாம் கேட்டார். தட்டுத்தடுமாறி ஒப்பேற்றினேன். பிறகு ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் என் பக்கம் நகர்த்தி, ஒரு கடிகாரம் வரையுங்கள், எல்லா எண்ணும் போட்டு, மணி பதினொன்று பத்து காட்டுங்கள் என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்திரண்டு வருஷம் மைசூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவன் நான். கூண்டில் உட்கார்ந்து ஒவ்வொரு வண்டியும் வந்த நேரம், போன நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டவன். சாமராஜநகர் வண்டி இரண்டு நிமிஷம் பிந்தினால் டிரைவரின் முகத்தைப் பார்க்காமலே திட்டுகிறவன். என்னிடமா கடிகாரம்? வட்டம் போட்டேன். பன்னிரண்டு போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிக்கொண்டே போனேன். வட்டத்தின் அடிப்பக்கம் வருவதற்குள் எல்லா எண்ணும் தீர்ந்துவிட்டது. இடது பாதி காலியாகக் கிடந்தது. பத்து என்றாரே என்று ஒரு முள்ளைக் கொண்டுபோய்ப் பத்தின் மேலேயே வைத்தேன். தப்பு என்று தெரிந்தது, மாதேசு. எங்கே தப்பு என்றுதான் தெரியவில்லை. டாக்டர் தாளை வாங்கி ஃபைலில் வைத்தார். மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார்ப்போம், அப்போது மகனையும் உள்ளே கூட்டி வாருங்கள் என்றார். வெளியே வந்து உன்னிடம், "வயசானா வர்ற மறதிதானாம்டா, மூணு மாசம் கழிச்சு சும்மா ஒருக்கா வரச் சொல்றார்" என்றேன். நீ காரை எடுக்கப் போனாய். நான் இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு படிக்கட்டில் நின்றேன்.

புத்தியுள்ளவன் அன்றைக்கே மகனிடம் சொல்லியிருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? கடிகாரம் வரையக் கற்றுக்கொள்ளப் போனேன். டிபார்ட்மென்ட் பரீட்சை எழுதி எழுதியே பிரமோஷன் வாங்கிய புத்தி அது. பரீட்சையில் தோற்றால் டியூஷன் போக வேண்டும், அதற்குமேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை. உங்களிடம் "ரிட்டயர் ஆனவனுக்குப் பொழுது போகணும்ல, சித்திரம் கத்துக்கறேன்" என்றேன். நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய்! எச்.பி., டூ பி, ஃபோர் பி என்று வரிசையாக அடுக்கிய பென்சில் டப்பா ஒன்றை அனுப்பி வைத்தாய். உன் அம்மா வாயெல்லாம் பல்லாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அந்த டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் திருட்டுச் சாவி போட்டுத் திறப்பது போல எனக்குக் கூசும்.

அக்ரஹாரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் சுமா டீச்சரின் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை காலையில். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளும் நானும். டீச்சருக்கு முப்பது வயதிருக்கும். கன்னடக்காரப் பெண்தான், ஆனால் தமிழர்கள் இருக்கிற தெருவில் வளர்ந்ததால் தமிழும் பேசுவாள். "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்மா, கடிகாரம் மட்டும் சொல்லிக் குடு" என்றேன். "கடியாரமா? அது ஆமேல, சார். மொதல்ல கோடு" என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். ஆயிரமாயிரம் கையெழுத்துப் போட்ட கை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு கோடு இழுக்க வரமாட்டேன் என்று அடம் பிடித்தது. பக்கத்தில் இருந்த எட்டு வயதுப் பெண் என் தாளைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். எழுந்து வந்துவிடலாமா என்றிருந்தது. பரீட்சை இருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அடுத்த வாரம் ஒரு எவர்சில்வர் டம்ளரை முன்னால் வைத்தாள். நான் முழு வட்டமாக ஒரு வாய், கீழே இரண்டு கோடு, அடியில் ஒரு பட்டை என்று இரண்டே நிமிஷத்தில் முடித்துவிட்டேன். அவள் குனிந்து என் கண்ணுக்கு நேராக டம்ளரைத் தூக்கிப் பிடித்தாள். "இப்ப வாய் ரவுண்டாவா தெரியுது, சார்? நீங்க டம்ளரைப் பாக்கறதே இல்ல. ரவுண்டுன்னு மண்டைக்குத் தெரியும், அதையே வரையறீங்க. நோடி, சார். நோடி வரையுங்க." பார்த்து வரை என்று அவள் சொன்னதற்கு அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. பாதி வாரம் அவளை மனசுக்குள் திட்டினேன். ஆனால் வீட்டில் காபி குடித்த டம்ளரை மேஜை மேல் வைத்துப் பார்த்தால், அவள் சொன்னது சரிதான். வட்டம் நசுங்கித்தான் தெரிந்தது. பார்த்தபடியே வரைந்தேன். தாளில் ஒரு டம்ளர் வந்து நின்றது. அறுபத்தைந்து வருஷம் டம்ளரில் குடித்தவன் அன்றைக்குத்தான் டம்ளரைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பயமெல்லாம் மறந்து, அதைத் தூக்கிக்கொண்டு போய் உன் அம்மாவிடம் காட்டினேன்.

ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ கடிகாரம் வந்தது. முதலில் மேலே பன்னிரண்டு, கீழே ஆறு. பிறகு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் ஒன்பது. நடுவில் இரண்டிரண்டாக நிரப்பினால் இடம் தட்டுப்படாது. இவ்வளவுதானா என்று குதிக்காத குறை. அதற்குப் பிறகு தினமும் உன் அம்மா கோயிலுக்குப் போனதும் பழைய காலண்டர் தாள்களின் முதுகில் பதினொன்று பத்து போட்டேன். பெரிய முள் இங்கே, சின்ன முள் அங்கே. ஒரு நாள் சும்மா ஏழு இருபத்தைந்து போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றியது. முள்ளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடிகாரம் எனக்கு வந்துவிடவில்லை, அந்த ஒரு படம்தான் வந்திருக்கிறது என்று அப்போதே எனக்குப் புரிந்தது. தாளை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடியும் பதினொன்று பத்து போட ஆரம்பித்தேன்.

இரண்டாம் தடவை டாக்டரிடம் போனபோது உன்னையும் உள்ளே கூட்டிப் போனேன், ஞாபகம் இருக்கிறதா? நீ பார்க்க வேண்டும் என்ற திமிர்தான். அதே தாள், அதே பதினொன்று பத்து. ஒரே மூச்சில் போட்டுக் கொடுத்தேன். டாக்டர் பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பரவாயில்லையே, நல்ல முன்னேற்றம், மகன் சொன்ன அந்தச் சித்திர வகுப்பை விட்டுவிடாதீர்கள் என்றார். வெளியே வந்து நீ என்னைக் கட்டிப்பிடித்தாய். வழியில் இளநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, "அப்பா, ஜெர்மனி வேலைக்கு இன்னும் பதில் சொல்லாம வச்சிருந்தேன். நீங்க நல்லா இருந்தாத்தான் போறதுன்னு இருந்தேன்" என்றாய். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். உன் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் எத்தனையோ தப்பு செய்திருக்கிறேன், இதைப் போல ஒன்று செய்ததில்லை.

பரீட்சை முடிந்த பிறகும் வகுப்பை நான் விடவில்லை. நிஜமாகவே பிடித்துப்போய்விட்டது. செருப்பு வரைந்தேன், கத்திரிக்காய் வரைந்தேன். அந்தக் கத்திரிக்காயைச் சுமா டீச்சர் சுவரில் ஒட்டினாள். வாயைப் பொத்திச் சிரித்த அதே பெண் வந்து, "அங்கிள், காம்புக்கு எப்படி ஷேடிங் பண்ணீங்க?" என்று கேட்டாள். அந்தக் காலையில் எனக்கு எந்தப் பயமும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் சாருவுக்கு ஒரு படம் வரைந்து வைக்கலாம் என்று நினைத்தேன். நம் வீட்டு வாசலிலிருந்து அவள் பள்ளிக்கூடம் வரைக்கும் வழி. நடுவில் என்னென்ன வருகிறதோ எல்லாம். குழந்தை முதல் நாள் பயப்படாமல் இருக்குமே என்று.

போன செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேஜையில் பெரிய தாளை விரித்து உட்கார்ந்தேன். நம் கேட் வந்தது. பக்கத்து மெடிக்கல் ஷாப் வந்தது. பூக்காரம்மாவின் குடை வந்தது. அடுத்து என்ன? பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், தாளில் ஒன்றும் வரவில்லை. இடது பக்கம் திரும்ப வேண்டுமா, நேராகப் போக வேண்டுமா? வருஷக்கணக்காகத் தினமும் பேப்பரும் பாலும் வாங்கப் போன வழி. அந்தக் குடைக்கு அப்புறம் வெள்ளைத் தாள்தான். சரி, டீச்சர் சொல்வது போல நேரில் போய்ப் பார்த்து வரைவோம் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு, அட்டையையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன்.

சர்க்கிள் வந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். நாலு பக்கமும் ரோடு. நாலும் ஒரே மாதிரி இருந்தன. பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. போகட்டும், வந்த பக்கமாகவே திரும்பிவிடலாம் என்று பார்த்தால், எந்தப் பக்கமிருந்து வந்தேன் என்றும் தெரியவில்லை. யாரையாவது கேட்கலாமே என்பாய். வாய் வரவில்லை, கண்ணு. முப்பத்திரண்டு வருஷம் "இந்த வண்டி எங்கே போகும்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் வழி சொன்னவன், நம் வீடு எங்கே என்று யாரிடம் கேட்பேன்? டிராஃபிக் போலீஸ்காரர் ஒருவர் வந்து, "ஏன் சார், யாவ கடெ ஹோகபேக்கு?" என்றார். எந்தப் பக்கம் போக வேண்டும் என்றுதான் எனக்கும் தெரியவில்லை. அட்டையைத் தூக்கிக் காட்டி, படம் வரைகிறேன் என்று கன்னடத்தில் சொன்னேன். அவர் நிற்கிறாரே என்று நிஜமாகவே வரைய ஆரம்பித்தேன். எதிரே ஆட்டோ ஸ்டாண்டு, கரண்டுக் கம்பம், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு போகிற கம்பிகள். கை நன்றாகத்தான் போனது. பார்க்கிறதை அப்படியே வரைந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு, நீ அளவு கொடுத்த அதே யூனிஃபார்மில் பிள்ளைகள் என்னைத் தாண்டிப் போனார்கள். அவர்கள் வந்த திசையைப் பார்த்துத்தான் பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். அதை வைத்து வீட்டுத் திசையை யூகித்தேன். ஸ்கூட்டரின் முன்னால் சாரு நின்றுகொண்டு "தாத்தா, போலாம்" என்று சொல்வதும், நான் எந்த ரோட்டில் போவதென்று தெரியாமல் ஏதோ ஒரு ரோட்டில் விரட்டுவதும் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதற்கு மேல் வண்டியில் ஏற எனக்குத் தைரியம் வரவில்லை. தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வாசலில் உன் அம்மா. "ஏனுங்க, வண்டியத் தள்ளிட்டு வர்றீங்க?"

"பெட்ரோல் தீந்துருச்சு."

"நேத்துத்தானுங்களே போட்டீங்க?"

"எதுக்கெடுத்தாலும் கேள்வியா கேப்பே?" என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன். அவள் உள்ளே போய்விட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுமா டீச்சர் அந்த ஆட்டோ ஸ்டாண்டு படத்தைப் பார்த்து, "சார், இதுதான் நீங்க போட்டதிலேயே பெஸ்ட். கம்பி எல்லாம் நோடி நோடி போட்டிருக்கீங்க" என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தூக்கிக் காட்டினாள். வழி தெரியாமல் நின்றவன் போட்ட படம் அது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

உன்னிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பில் நீ சயின்ஸ் பரீட்சைக்கு இதயத்தின் படத்தை டிரேஸ் பேப்பரில் எடுத்து சாக்ஸுக்குள் வைத்துக்கொண்டு போய் மாட்டிக்கொண்டாய். ஹெட்மாஸ்டர் கூப்பிட்டுச் சொன்னதும், உன்னைப் பஸ் ஸ்டாண்டுக்கே இழுத்து வந்து, டிரைவர் கண்டக்டர் எல்லோரும் பார்க்க அடித்தேன். "பாத்து வரைஞ்சா வருதுப்பா, பாக்காம வரலப்பா" என்று அழுதாய். அதற்கும் ஒரு அடி கொடுத்தேன். பரீட்சையைக் கண்டு பயந்துபோன பிள்ளையை என்ன பயம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது அதே வேலையை நான் செய்திருக்கிறேன், அதுவும் ஒரு டாக்டரிடம், நீ பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது. நீ என்னை அடிக்க மாட்டாய் என்று தெரியும். அதுதான் இன்னும் அவமானமாக இருக்கிறது. சாரு நாளைக்கு எதையாவது மறைத்து மாட்டிக்கொண்டால், முதலில் அவளுக்கு எதில் பயம் என்று கேள். புத்தி சொல்லுகிற யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் இது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

இனி நீ செய்ய வேண்டியது. ஸ்கூட்டர் சாவியை உனக்குக் கொடுத்துவிடுகிறேன், நான் கேட்டாலும் திருப்பித் தராதே. கேட்பேன், கத்துவேன், நீ மசியாதே. சாருவைக் கொண்டுபோய் விட ஒரு பள்ளி ஆட்டோ பேசு, இல்லாவிட்டால் ரேகாவோடு உட்கார்ந்து வேறு வழி யோசி. டாக்டரிடம் என்னைக் கூட்டிப் போ. நான் கடிகாரத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை நீயே சொல்லிவிடு, என் வாயால் சொல்ல வராது. வேறு ஏதாவது மணி கொடுக்கச் சொல். உன் அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. நீ பக்கத்தில் இருக்கும்போது சொல்கிறேன். ஜெர்மனிக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், போகாதேடா என்று கையைப் பிடித்துக் கெஞ்சத்தான் தோன்றுகிறது. அதை எழுதக் கூடாது என்று நினைத்திருந்தேன். எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கப் போவதில்லை.

இதையெல்லாம் நேற்றே எழுதியிருக்க வேண்டும். நேற்றுக் காலை வேறொன்று செய்து பார்த்தேன். கூடத்தில் மாட்டியிருக்கிற உன் கல்யாணப் போட்டோவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, உன் முகத்தைப் பார்க்காமல் வரைந்தேன். நெற்றி வந்தது, உன் அம்மாவுக்கு இருக்கிற அதே அகலமான நெற்றி. மூக்கும் ஏதோ ஒரு மாதிரி வந்தது. கண்ணுக்கு வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. நீ கண்ணாடி போடுகிறவனா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. உன் அம்மாவைக் கேட்கலாம் என்று அடுப்படி வரைக்கும் போனேன். அவள் திரும்பி, "என்ன வேணுமுங்க?" என்றாள். "தண்ணி" என்றேன். குடித்துவிட்டு வந்துவிட்டேன். இதை எழுதும்போதும் போட்டோ முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது, இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை. பயமாக இருக்கிறது. சீக்கிரம் வா, மாதேசு.

உன் அப்பா